கறிக்கடைக்காரர் மனைவி வரைந்த விருந்துகள்

கறிக்கடைக்காரருக்கு ரத்தத்தைக் கண்டால் ஒன்றும் ஆகாது. யாராவது அழுவதைக் கண்டால்தான் கையும் ஓடாது, காலும் ஓடாது. கறி வாங்க வந்த பெண்மணி தன் வீட்டு நாய் செத்துப்போன கதையைச் சொல்லி மூக்கை உறிஞ்சினால் போதும், இவர் கத்தியைக் கட்டைமேல் வைத்துவிடுவார். கை பிசுக்காக இருப்பதால் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "கறி கிடைக்குமா, இல்ல நாங்களும் கொஞ்சம் அழுதுட்டுப் போகணுமா" என்று பின்னால் நிற்கிறவர் கேட்ட பிறகுதான் கத்தி மறுபடி எழும்.

பார்வைக்கு ஆள் அப்படி இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, ஒன்றோடொன்று ஒட்டிய புருவம், கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. ஆடு அறுப்பதெல்லாம் ஊருக்கு வெளியே, வேறு ஆட்கள். இவரிடம் வருவது உரித்துக் கழுவி வண்டியில் தொங்கிக்கொண்டு வரும் கறி. தன் கையால் ஓர் உயிரைக் கொன்றதில்லை. பொறியில் விழுந்த எலியைத் தெருக்கோடி வரை கொண்டுபோய்த் திறந்துவிட்டு வருவார். எலி இவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும்.

கடைக்குப் பின்னால் வீடு. மனைவிக்குப் பெரிய பேக்கரி ஒன்றில் கேக் அலங்கரிக்கும் வேலை. கிரீம் பையை அழுத்தி இலை விடுவாள், கொடி விடுவாள், சர்க்கரையைப் பிசைந்து உருட்டி ரோஜா மலர்த்துவாள். வீட்டின் முன்பக்கம் கொழுப்பு வாசனை, மனைவி வந்து நிற்கும் இடமெல்லாம் வெண்ணிலா வாசனை. இரண்டும் நடுக்கூடத்தில் மோதிக்கொள்ளும். கடைசியில் பின்னறையிலிருந்து வரும், சாயம் கரைக்கிற டர்பன்டைன் வாசனைதான் ஜெயிக்கும். பின்னறையில் அவள் படம் வரைந்தாள்.

ஆரம்பத்தில் எல்லாரையும் போலப் பேரிக்காய் வரைந்தாள். ஜாடி வரைந்தாள். கறிக்கடைக்காரர் அந்தப் பேரிக்காய்ப் படத்தைக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "பழுத்திருக்கு பாருங்க" என்று காட்டினார். பிறகு பேக்கரியில் அவளைப் பெரிய வீட்டு விருந்துகளுக்கு கேக்கோடு அனுப்பத் தொடங்கினார்கள். அடுக்கு கேக்கை வண்டியில் அப்படியே ஏற்ற முடியாது. தனித்தனியாகக் கொண்டுபோய் அங்கேதான் அடுக்க வேண்டும். வெட்டி முடிக்கும்வரை மூலையில் நின்று, கிரீம் சரிந்தால் ஓடிப்போய்ப் பூச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போவாள், சாயங்காலம் வருவாள், முகம் கழுவாமல் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அசதி என்று நினைத்துக்கொண்டார் கறிக்கடைக்காரர்.

பேரிக்காய் அதோடு போயிற்று. இப்போது படத்துக்குப் படம் நீளமான ஒரு மேசை. மேசை நிறையச் சாப்பாடு. சுற்றிலும் விரல் விரலாக மோதிரம் போட்ட மனிதர்கள். ஒருத்தன் பக்கத்திலிருப்பவன் காதைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒருத்தி சிரித்துக்கொண்டே இன்னொருத்தியின் புறங்கையில் முள்கரண்டியைக் குத்தினாள். நாய் தட்டில் சாப்பிட, தட்டுக்குரியவர் மேசைக்கடியில் ஒற்றைச் செருப்போடு கிடந்தார். நடுவில் ஒரு கிழவன், கையில் வாள், முகமெல்லாம் சிவப்பு. அது ரத்தமா பழக்கூழா என்று சொல்ல முடியாது.

"இவன் ஏன் அவன் காதைக் கடிக்கிறான்?" என்று கறிக்கடைக்காரர் கேட்டார்.

"பசியா இருக்கும்."

"மேசை நிறைய சாப்பாடு இருக்கே."

"அதெல்லாம் இருக்கு" என்றாள் அவள். அதற்குமேல் பேசுகிறவள் இல்லை.

பூனைக்கு ஈரல் வாங்க வந்த ஒரு கண்ணாடிக்கார அம்மாள்தான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டவர். ஈரலைப் பொட்டலம் கட்டும்போது உள்கதவு திறந்திருந்தது. கூடத்தில் காயப்போட்டிருந்த படத்தைப் பார்த்தவர், பொட்டலத்தையும் மறந்து பூனையையும் மறந்து உள்ளே போய்விட்டார். தபால் அலுவலகத்துக்கு மேலே அவருக்கு ஓவியக்கூடம் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் படங்கள் அங்கே ஏறின. கறிக்கடைக்காரர் தானே தோளில் தூக்கிப்போய் ஆணியடித்து மாட்டிக் கொடுத்தார்.

பத்திரிகைக்காரர் வந்தார். அவளிடம் என்னென்னவோ கேட்டார். அவள் "தோணுது, வரையறேன்" என்றாள். அந்த ஒற்றை வரியை வைத்து அரைப்பக்கம் நிரப்ப முடியாதில்லையா? மனிதர் கடைக்கு வந்தார், கொக்கிகளைப் பார்த்தார், கறிக்கடைக்காரரை வெயிலில் நிறுத்திப் படமெடுத்தார். ஞாயிறு மலரில் வந்தது: 'வன்முறையும் சீரழிவும் இந்த ஓவியங்களுக்குள் நுழைந்தது எவ்வழியே? ஓவியரின் வீட்டு வாசலில் தொங்கும் கொக்கிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியே சொல்ல முடியாததைத் தூரிகை சொல்கிறது.' கீழே கறிக்கடைக்காரர், கையில் கத்தி, வெயிலுக்குச் சுருக்கிய கண். அந்தப் படத்தைப் பார்த்தால் அவருக்கே அவரைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று தோன்றியது.

"நல்லா வந்திருக்கா?" என்று மனைவியிடம் நீட்டினார். முழுக்கப் படிக்கவில்லை அவர். தன் படம் வந்த குஷி.

அவள் படித்தாள். பத்திரிகையை நாலாக மடித்து அடுப்புமேடைக்கு அடியில் செருகினாள். "கறி சுத்த ஆகும்" என்றாள்.

அன்றிலிருந்து கடையில் பேரம் நின்றுபோனது. இதுதான் அவரை முதலில் உறுத்தியது. "ரெண்டு எலும்பு சேர்த்துப் போடுங்க", "இந்தக் கொழுப்பை நீங்களே வச்சுக்குங்க" என்று உயிரை எடுக்கிறவர்களெல்லாம், இப்போது இவர் கத்தியைத் தூக்கினால் ஓரடி பின்வாங்கி, "நீங்க பார்த்துக் குடுத்தா சரிங்க" என்றார்கள். பக்கத்துத் தையற்கடை அம்மாள் கறி வாங்காமலேயே வந்து, உள்ளே பார்த்து, தெருவுக்கே கேட்கிற குரலில், "அம்மாடி, நல்லாயிருக்கியா? எந்த நேரமானாலும் நம்ம வீட்டுக் கதவு திறந்திருக்கும்" என்றார்.

"அவங்க கதவுக்கு என்ன ஆச்சு? தாழ்ப்பாள் கெட்டுப்போச்சா?" என்று கறிக்கடைக்காரர் மனைவியிடம் கேட்டார். "வேணும்னா நான் போய்ப் பார்க்கிறேன்."

"நீங்க போகாம இருக்கிறதுதான் நல்லது" என்றாள் அவள்.

அந்த வாரமே மச்சான் வந்து இறங்கினார். அவளுடைய அண்ணன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கையில் பெரிய பெட்டி. கறிக்கடைக்காரர் ஓடிப்போய் வாங்கினார். பெட்டி காற்றாய் இருந்தது.

"என்ன மச்சான், காலிப் பெட்டியோட?"

"போகும்போது நிறைஞ்சு போகும்" என்றார் மச்சான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

கறி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார் கறிக்கடைக்காரர். நல்ல தொடைக்கறியாகப் பார்த்து எடுத்து வைத்தார். சாப்பாட்டு மேசையில்தான் விஷயம் உடைந்தது. மச்சான் பரிமாறியதையெல்லாம் ஒரு கை பார்த்தார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து அந்த ஞாயிறு மலரை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"மாப்பிள்ளை, சுத்தி வளைக்காம கேட்கிறேன். என் தங்கச்சியை அடிக்கிறீங்களா?"

கறிக்கடைக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையாவது கேட்கிறாரா என்று.

"நானா?"

"வேற மாப்பிள்ளை எனக்கு யாரு இருக்கா?"

"அண்ணே" என்றாள் அவள். "இவரை எறும்பு கடிச்சாக்கூட ஊதித்தான் விடுவாரு."

"பயந்து சொல்றியா, நிஜமா சொல்றியா? பயமா இருந்தா கண்ணை ரெண்டு தடவை சிமிட்டு."

"டர்பன்டைன் வாசனையில எனக்கு எப்பவும் கண்ணு சிமிட்டிக்கிட்டேதான் இருக்கும்."

"சரி. அப்ப இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு? நம்ம வீட்டில யாராவது காதைக் கடிச்சிருக்கோமா? அப்பா குரல் உசத்திப் பேசுவாரா? பொம்மைக்குச் சட்டை தைச்சுக்கிட்டு இருந்த பொண்ணு நீ. கல்யாணம் ஆச்சு, கறிக்கடைக்கு வந்தே, இப்ப வாளும் ரத்தமுமா வரையறே. நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

கறிக்கடைக்காரர் பத்திரிகையை இழுத்து, இந்தத் தடவை முழுசாகப் படித்தார். விரலை வைத்து வரி வரியாகப் போனார். 'வெளியே சொல்ல முடியாததை' என்ற இடத்தில் விரல் நின்றது.

அன்றைக்கு மத்தியானம் கடையைத் திறக்கவில்லை. ஓவியக்கூடத்துக்குப் போய், படம் படமாக முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு தேடினார். மீசை வைத்தவன், மொட்டையன், முள்கரண்டிக்காரி, வாள்காரக் கிழவன், எல்லாரையும் பார்த்தார். இதில் எவன் நான்? அந்தக் கழுத்தில்லாதவனா? அவனுக்கும் ஒரு துளி கழுத்து இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தான் அறியாமல் எப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்போமோ, கதவை ஓங்கிச் சாத்தியிருப்போமோ என்று யோசித்து யோசித்து, சோறு சூடாக இல்லை என்று எப்போதோ சொன்னது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவள் சர்க்கரை ரோஜாக்களைத் தட்டில் வரிசையாகக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் உன்ன ஏதாவது பண்ணியிருக்கேனா?" என்றார். "பண்ணியிருந்தா சொல்லிடு. உங்க அண்ணன் பெட்டியில நானே துணி அடுக்கித் தர்றேன்."

அவள் ரோஜாவைக் கீழே வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிக்க வந்ததை அடக்கிக்கொண்டது அவருக்குத் தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை.

"நாளைக்கு சிமெண்ட் முதலாளி வீட்டில பிறந்தநாள். அஞ்சு அடுக்கு கேக். பேக்கரியில தூக்குற ஆளுங்க ரெண்டு பேருக்கும் காய்ச்சல். நீங்களும் அண்ணனும் வாங்க."

"நான் கேட்டது என்ன, நீ சொல்றது என்ன."

"வாங்கன்னு சொல்றேன்ல."

மறுநாள் வெயில் கொளுத்தியது. பேக்கரி வண்டியில் கறிக்கடைக்காரர் அடியடுக்கை மடியில் வைத்துக்கொண்டு, குண்டு குழிக்கெல்லாம் கேக்குக்கு வலிக்குமோ என்பதுபோல் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு வந்தார். மச்சான் மேலடுக்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் "ரைட்" சொன்னார்.

முதலாளி வீட்டுக் கூடம் பள்ளிக்கூட மைதானம் மாதிரி இருந்தது. கண்ணாடிச் சரவிளக்கு, கண்ணாடி மேசை, மேசையில் முழுசு முழுசாக வாட்டிய பன்றியும் வாத்தும். கறிக்கடைக்காரர் தொழில்காரர் இல்லையா, ஒவ்வொன்றிலும் நல்ல பாகம் தொடப்படாமல் கிடப்பதைப் பார்த்தார். ஒரு கடி கடித்துவிட்டு எறிந்த கால்கள் பூந்தொட்டிகளில் கிடந்தன. சோபாவில் உட்காரவைத்திருந்த நாய் ஒன்றுக்கு வெள்ளித் தட்டில் பரிமாறியிருந்தார்கள். அவள் மூன்று பேருக்கும் மூலையில் ஓர் இடம் காட்டினாள். "இங்க நின்னா கண்ணில பட மாட்டோம்."

கேக்கை அடுக்கிச் சர்க்கரை ரோஜாக்களைச் சொருகினாள். முதலாளி வந்தார். பட்டுச் சட்டை, தலையில் அட்டைக் கிரீடம், கையில் நிஜமான வாள். கேக் வெட்ட அதுதான் அவர் வழக்கமாம். எல்லாரும் கைதட்டினார்கள். படமெடுக்கிறவர், "பசங்க ரெண்டு பேரும் அப்பா பக்கத்தில வாங்க" என்றார்.

அவ்வளவுதான். வலது பக்கம் யார் நிற்பது என்று பேச்சு வந்தது.

"மூத்தவன் நான்" என்றான் மூத்தவன்.

"ஆலையைப் பார்த்துக்கிறவன் நான்" என்றான் இளையவன்.

"பார்த்துக்கிறியா, தின்னுக்கிறியா?"

மூத்தவன் தோளால் இடித்தான். இளையவன் சாய்ந்தான், எழுந்தான், அண்ணனைக் கட்டிப்பிடித்தான். சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நினைத்துக் கறிக்கடைக்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். அப்போதுதான் மூத்தவன் வீறிட்டான். இளையவன் வாயில் அண்ணனின் வலது காது இருந்தது.

"போன வருஷம் இடது காது" என்று அவள் மெதுவாகச் சொன்னாள், சரிந்த கிரீமைக் கத்தியால் நீவிக்கொண்டே.

கறிக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார், காதைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார்.

மருமகள்கள் ஒருத்தியை ஒருத்தி "வாங்க வாங்க" என்று அழைத்துக்கொண்டே மேசையோரம் நெருங்கினார்கள். முள்கரண்டி மின்னியது. விருந்தாளிகள் யாரும் எழுந்திருக்கவில்லை. சிலர் நன்றாகத் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். முதலாளியின் சொந்தத் தம்பி மேசைக்கடியில் ஒற்றைச் செருப்போடு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தட்டுக்கு நாய் இடம் மாறியிருந்தது. முதலாளிக்குச் சண்டையெல்லாம் கண்ணிலேயே படவில்லை. வாளை இரண்டு கையாலும் ஓங்கி கேக்கில் இறக்கினார். வெயிலில் இளகியிருந்த கேக் நின்று வெட்டுப்படவில்லை, வெடித்தது. உள்ளே இருந்த சிவப்புப் பழக்கூழ் அவர் முகத்தில் அடித்தது. நடு அடுக்கு பறந்துபோய் மச்சான் நெஞ்சில் உட்கார்ந்தது.

"பிரமாதம்" என்றார் முதலாளி, வாயோரம் வழிந்ததை நக்கிக்கொண்டு.

குத்துப்பட்ட மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கறிக்கடைக்காரருக்கு அது போதுமாக இருந்தது. மூலையில் நின்றபடி தோள்பட்டையில் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்.

"யாருப்பா அது, தடியா ஒருத்தன் நின்னு அழறது?" என்று முதலாளி கேட்டார். "நல்ல நாளும் அதுவுமா. வெளியில அனுப்பு."

திரும்பும்போது வண்டியில் மச்சான் காதிலிருந்து கிரீமை வழித்து, பார்த்து, வாயில் போட்டுக்கொண்டார்.

"தங்கச்சி, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இப்படித்தானா?"

"இன்னைக்குப் பரவாயில்ல அண்ணே. எண்ணி மூணு பேருக்குத்தான் தையல் போட வேண்டியிருக்கும். மாவுமில்காரங்க வீட்டில ஒரு விருந்து நடந்துச்சு, அதை நான் இன்னும் வரையவே ஆரம்பிக்கல. அவ்வளவு பெரிய கேன்வாஸ் கிடைக்கல."

"இத்தனையும் பார்த்துட்டு வந்து ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றார் கறிக்கடைக்காரர்.

"சொன்னா அழுவீங்க. அப்புறம் உங்களைத் தேத்தவே எனக்கு நேரம் சரியா இருக்கும். எங்கேயாவது இறக்கி வைக்கணும் இல்ல? துணியில இறக்கி வச்சேன்."

மச்சான் இரண்டு நாள் கழித்துக் கிளம்பினார். பெட்டி நிறைந்துதான் போனது: தொடைக்கறி, நெஞ்செலும்பு, தங்கச்சி செய்த கேக். போகும்முன் தையற்கடை வாசலில் நின்று, "என் மாப்பிள்ளை சொக்கத் தங்கம். கேக் சாப்பிடறவங்களைத்தான் நம்பக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாளுக்கு என்ன புரிந்ததோ, மறுநாள் வந்து எலும்பு சேர்த்துப் போடச் சொல்லிக் கால்மணி நேரம் சண்டை பிடித்தார். கறிக்கடைக்காரருக்கு வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

கண்காட்சி முடிகிற நாளில் சிமெண்ட் முதலாளியே வந்தார். ஊரெல்லாம் பேசுகிற படங்களைத் தானும் பார்க்காவிட்டால் மரியாதை இல்லையே. பெரிய படத்துக்கு முன்னால், வாள்காரக் கிழவனுக்கு நேர் எதிரே, அதே மூக்கோடும் அதே மோவாயோடும் போய் நின்றார். கண்ணாடிக்கார அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கறிக்கடைக்காரர் வாசற்கதவு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டார்.

முதலாளி தலையை ஆட்டினார். "பாருங்க, மூஞ்சியைப் பாருங்க. மிருகம். இந்த மாதிரி ஆளுங்களாலதான் ஊரே கெட்டுக் குட்டிச்சுவராப் போச்சு. பெத்த பிள்ளைங்க அடிச்சுக்கிறாங்க, இவன் கேக் வெட்டறான்." அதைத் தன் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும், பிள்ளைகளுக்குப் புத்தி வரும் என்று அங்கேயே வாங்கிக்கொண்டார். பிறகு கறிக்கடைக்காரரைத் தனியாக அழைத்து, குரலைத் தாழ்த்தி, "பேப்பர்ல பார்த்தேன். பொண்டாட்டிமேல கை நீட்டாதேப்பா. நானெல்லாம் ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நினைச்சதில்ல" என்றார்.

"சரிங்க" என்றார் கறிக்கடைக்காரர்.

முதலாளி அவளிடம் திரும்பினார். "நீ நம்ம கேக் போடற பொண்ணுதானே. அடுத்த பிறந்தநாளுக்கு இந்தப் படத்தையே கேக்கா செஞ்சு தர முடியுமா? அப்படியே, ஆளுங்களோட."

அவள் நிஜமாகவே யோசித்தாள். "செய்யலாங்க. காது மட்டும் சர்க்கரையில நிக்காது. உடைஞ்சுடும்."

"உடைஞ்சா என்ன, எப்படியும் கடிக்கிற காதுதானே" என்று முதலாளி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது தெரு திரும்பும் இடத்தில் கறிக்கடைக்காரர் கேட்டார்: "நான் ஒரு படத்தில்கூட இல்லையே."

"இருக்கீங்களோன்னுதானே அன்னைக்குப் பயந்து போய்ப் பார்த்தீங்க?"

"அது அன்னைக்கு. இப்ப இல்லைன்னு கஷ்டமா இருக்கு."

"வரைஞ்சேன். எத்தனையோ தடவை. வரல. ஒருத்தன் காதைக் கடிக்கிறத வரைய ஒரு மத்தியானம் போதும், அதுவே வந்து உட்கார்ந்துக்குது. நீங்க எலும்பில ஒட்டினதைச் சுரண்டிப் பூனைக்குப் போட்டுட்டு நிக்கிறீங்க. அதை எப்படி வரையறது? பார்க்கிறவங்க பூனையைத்தான் பார்ப்பாங்க."

கடை விடுமுறை நாளில் பின்னறை ஜன்னலோரம் அவரை உட்காரவைத்தாள். அவர் குளித்து, தலைசீவி, இருப்பதில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்தார். நல்லவனாகத் தெரிய வேண்டுமே என்று முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்.

"வயித்து வலியா?" என்றாள்.

"இல்லையே."

"அப்ப சாதாரணமா இருங்க."

சாதாரணமாக இருப்பது எப்படி என்று அவருக்கு மறந்துபோயிருந்தது. மதியம்வரை கையை மடியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அவள் பலதடவை சுரண்டி அழித்தாள். ஒரு கட்டத்தில் அவருக்குச் சலித்துப்போய், ஜன்னலுக்கு வெளியே கொடியில் காயும் துணிகளைப் பார்த்தபடி, நாளைக்குக் கறி வண்டி சீக்கிரம் வந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவள் தூரிகை நிற்காமல் ஓட ஆரம்பித்தது. அவருக்கு அது தெரியாது.

சாயங்காலம் பூனைக்கு ஈரல் வாங்கக் கண்ணாடிக்கார அம்மாள் வந்தார். கடை மூடியிருந்ததால் வீட்டுப் பக்கமாக உள்ளே வந்தவர், ஈரப்படத்தின் முன்னால் நின்றார். ஜன்னல், வெளிச்சம், மடியில் இரண்டு பெரிய கை, எதையோ பார்த்துக்கொண்டு ஒரு மனிதர். அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஓரடி பின்னால் போனார். அவள் காதருகே குனிந்து கிசுகிசுத்தார்.

"நீ வரைஞ்சதிலேயே இதுதான் பயங்கரம். இந்த அமைதி இருக்கு பாரு. அடுத்த நிமிஷம் எழுந்து யாரை என்ன பண்ணப் போறானோன்னு குலை நடுங்குது. விலை சொல்லு."

"இது விக்கிறதுக்கு இல்லீங்க" என்றாள் அவள்.

அந்த அம்மாள் போன பிறகு கறிக்கடைக்காரர் உட்கார்ந்தபடியே மரத்துப்போன காலை உதறிக்கொண்டு கேட்டார். "என்னமோ ரகசியமா சொன்னாங்களே, என்ன சொன்னாங்க?"

"நல்லவரா வந்திருக்கீங்களாம்."

"அந்தம்மாவே சொன்னாங்களா?"

"ஆமா. பார்த்தவுடனே தெரியுதாம்."

கறிக்கடைக்காரர் சிரித்தார். ஒட்டிய புருவம் இரண்டும் கொஞ்சம் விலகின. கழுத்து இருக்க வேண்டிய இடம் சிவந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ எடை கூடுதலாகப் போட்டுவிட்டதை ஒளிக்கிறவர் மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு படத்தில் இல்லை. அவள் கழுவி வைத்திருந்த தூரிகையை அவசரமாக எடுத்தாள்.

"எழுந்திரிக்காதீங்க" என்றாள்.